இடது கண்

மூன்றாவது இணையதளத்தில்தான் அப்பாவுக்குக் கண் கிடைத்தது.

முதல் தளம், மங்கலான படத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு, ஆரோக்கிய அனிதாவின் ஊர், பேர், போன் நம்பர் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் பணம் கட்டச் சொன்னது. இரண்டாவது இலவசமாகத்தான் தந்தது. ஆனால் அப்பாவின் மூக்குக்குக் குறுக்கே தன் பெயரைப் பட்டையாக எழுதியிருந்தது. மூன்றாவது எதுவும் கேட்கவில்லை. நீலக்கோடு ஒன்று படத்தின் மேலிருந்து கீழே இறங்கியது. அது கடந்த இடமெல்லாம் தெளிந்தது.

அப்பா சூசைமாணிக்கம் காணாமல் போனது முந்தைய நாள் மாலை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அவரை உட்காரவைத்துவிட்டு, கடலூர் பஸ் எங்கே நிற்கிறது என்று பார்க்கப் போனாள் அனிதா. ஐந்து நிமிடம் இருக்கும். திரும்பியபோது பெஞ்சில் குடை மட்டும் இருந்தது. ஒரு வருடமாகவே ஞாபகம் தப்பிக்கொண்டிருந்த மனிதர். பேர் கேட்டால் சில நேரம் சொல்வார், சில நேரம் சிரிப்பார்.

அவருடைய இப்போதைய முகம் இருந்தது ஒரே படத்தில்தான். செம்மண்டலம் வீட்டில் தம்பி மரிய அருள் போனில் எடுத்தது. மங்கலான வெளிச்சம், நாலு நாள் தாடி, பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை, பூ விழுந்து வெளுத்த இடது கண். இதை அப்படியே அனுப்பினால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். பெற்ற அப்பனை வைத்திருந்த லட்சணத்தைப் பார் என்பார்கள். மழை முடியட்டும், லீவு வரட்டும் என்று கண் ஆபரேஷனை அவள் மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டதும் அவர்களுக்குத் தெரியும்.

நீலக்கோடு நின்றபோது தாடி போயிருந்தது. சட்டை நேராகியிருந்தது. இரண்டு கண்களும் கறுப்பாக, ஈரமாக மின்னின. தான் செய்யாமல் விட்டதை யாரோ ஒரு நொடியில் செய்து கொடுத்ததுபோல் இருந்தது. படத்துக்குக் கீழே 'முன்', 'பின்' என்று இரண்டு பொத்தான்கள். அவள் விரல் 'பின்' மேல் இறங்கியது.

"என்னாக்கா இது, அப்பாவுக்குப் பொண்ணு பாக்குற மாதிரி இருக்கு" என்றான் அருள்.

"மங்கலா அனுப்புனா எவனுக்குடா அடையாளம் தெரியும்?"

"இல்ல, கண்ணு..."

"தெளிவாக்குனா அப்படித்தான் வரும். நேரமாவுது, பிரிண்ட் எடு."

அறிவிப்பில் அடையாளம் என்ற இடத்தில் 'இடது கண்ணில் பூ விழுந்தவர்' என்று எழுதியிருந்தாள். படத்தோடு ஒட்டவில்லை. அழித்துவிட்டு, 'நீலக் கட்டம் போட்ட சட்டை' என்று போட்டாள். போலீசுக்கும் அதே படம்தான் போனது. வாட்ஸ்அப்பில் சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் சுற்றியது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஒரு பெரியவர் ஏறியதாகச் சிதம்பரத்தில் பூ விற்கிறவள் சொன்னாள். அக்காவும் தம்பியும் அங்கே போய் இறங்கினார்கள். டீக்கடைப் பக்கச் சுவரில் அவள் முதல் தாளை ஒட்டும்போதே கடைக்காரர் கலியமூர்த்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இந்தப் படம் போன்லயே வந்துச்சும்மா. நேத்து காலைல ஒரு பெரியவரு இதே பெஞ்சில குந்திகினு இருந்தாரு. டீ குடுத்தேன். பேரு கேட்டா சிரிக்கிறாரு. நீலச் சட்டைதான், ஒரே அழுக்கு. எனக்குச் சந்தேகம் வந்து, போனை மூஞ்சிகிட்ட வெச்சுப் பாத்தேன். மூக்கு, காதெல்லாம் இவராட்டமே இருந்துச்சு."

"அப்புறம்ண்ணே?"

"அவருக்கு ஒரு கண்ணு பூ விழுந்து வெள்ளையா இருந்துச்சும்மா. இவருக்கு ரெண்டும் ஜம்முனு இருக்குல்ல. சரி, வேற யாரோன்னு வுட்டுட்டேன். விருத்தாசலம் பஸ்ஸு வந்துச்சு, ஏறணும்னாரு. நான்தான் கைகுடுத்து ஏத்திவுட்டேன்."

அருள் அக்காவைப் பார்த்தான். போனைக் காதில் வைத்துக்கொண்டு விருத்தாசலம் பஸ் நிற்கும் பக்கம் ஓடினான்.

கலியமூர்த்தி நகரவில்லை. "உங்கப்பாவுக்குக் கண்ணு நல்லாத்தானம்மா தெரியும்?"

அனிதா கைப்பையைத் திறந்தாள். மஞ்சக்குப்பத்தில் பத்திரம் எழுதும் ஆபீசில் தட்டச்சு செய்கிறவள். ஒயிட்னர் பாட்டில் எப்போதும் பையில் கிடக்கும். மூடியைத் திருகி, பிரஷ்ஷை எடுத்துச் சுவரருகே கொண்டுபோனவள் ஒரு கணம் நின்றாள். அப்பாவுக்கு இடது, பார்க்கிறவர்களுக்கு வலது. மின்னிய கறுப்பின் மேல் வெள்ளையை வைத்தாள். அதிகமாகிவிட்டது. கண்ணிலிருந்து கன்னத்துக்கு வழியப் பார்த்தது. விரல் நுனியால் தடுத்தாள்.

பெஞ்சில் இன்னும் ஐம்பதுக்கு மேல் தாள்கள் இருந்தன, எல்லாவற்றிலும் இரண்டு கண்களோடு. 'விருத்தாசலம், விருத்தாசலம்' என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். வெள்ளை காயவில்லை. தூசி விழுந்த கண்ணுக்கு ஊதுவதுபோல், சுவரை ஒட்டி முகத்தை வைத்து அவள் மெதுவாக ஊதிக்கொண்டிருந்தாள்.