ஒரே சாம்பார் வாளி

ஸ்ரீஜித் சுபிதாவுக்குத் தர வேண்டியது நானூற்று எண்பது ரூபாய். கல்லூரிக் கடைசி வருடத்துப் பந்தயக் கடன். பன்னிரண்டு வருடமாகியும் கொடுத்தபாடில்லை.

கழித்துப் போட்ட எட்டுக் கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைத்து இருவரும் புராஜெக்ட் செய்த காலம் அது. மின்விசிறி கடகடக்கும் அந்த லேபில், சூடேறிய தூசியின் வாசனையில் எத்தனை சாயங்காலங்கள் போயின! ஒன்றுக்கு எட்டு மணி நேரம் பிடிக்கும் கணக்கை, எட்டும் சேர்ந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும் என்று அடித்துச் சொன்னான் ஸ்ரீஜித். தோற்றால் வகுப்புத் தோழர்கள் எட்டுப் பேருக்கு முட்டை பிரியாணி. மூன்றேகால் மணி நேரம் ஆனது. எட்டும் ஒரே டிஸ்கின் முன்னால் முறைக்காகக் காத்துக் கிடந்தன.

"லே, பந்தியில எட்டுப் பேரு விளம்ப நின்னா போதுமா? சாம்பார் வாளி ஒண்ணுதான கெடக்கு!" என்று சிரித்தாள் சுபிதா. அவன் சட்டைப்பையில் பஸ் காசுதான் இருந்தது. பில்லையும் அவளே கொடுத்தாள்.

இப்போது அவள் ஆரல்வாய்மொழியில், நாளைய காற்றுக்குக் காற்றாலைகளில் எவ்வளவு மின்சாரம் வரும் என்று கணிக்கும் ஆபீசில் மேலாளர். துபாய் வேலை போய் ஊர் திரும்பிய ஸ்ரீஜித் அவளிடமே வேலை கேட்டு வந்திருந்தான்.

"இந்தக் கணிப்பு இப்ப எட்டு மெஷின்ல ஓடுது. முப்பத்திரெண்டு வாடகைக்கு எடுத்தா எவ்வளவு நேரத்துல முடியும்? சரியாச் சொன்னா வேலை ஒனக்கு. பிசகினா பழகுன முகம்னு பாக்க மாட்டேன், கேட்டியா?"

பழைய ஸ்ரீஜித் என்றால் நான்கால் வகுத்து வாயை விட்டிருப்பான். இவன் முதலில் இரண்டில் ஓட்டினான், பிறகு நாலில், எட்டில். ஒவ்வொரு தடவையும் லாபம் மெலிந்துகொண்டே வந்தது. எல்லாம் எங்கே கூடி நிற்கின்றன என்று தேடினான். காற்றின் அளவுகள் அத்தனையும் ஒரே ஃபைலில் இருந்தன.

"எட்டுல நாப்பது நிமிஷம். முப்பத்திரெண்டு போட்டாலும் முப்பத்தஞ்சுக்குக் கீழ எறங்காது. வாடகை வேஸ்டுட்டி."

சுபிதா ஒரு நாளைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்து ஓட்டினாள். கணவாய்க் காற்று ஜன்னலை உலுக்கியது. அந்தப் பழைய லேப் மின்விசிறி ஸ்ரீஜித்தின் காதுக்குள் கடகடத்தது.

முப்பத்தாறாவது நிமிடம் திரையில் பதில் வந்தது.

"இங்கயும் சாம்பார் வாளிதானால?"

"அதே வாளிதாம்ட்டி. அந்த ஃபைல நாலா பிரிச்சு ஊத்தணும். நாளைக்கே தொடங்குகேன்."

மத்தியானம் கடையில் இரண்டே பிரியாணிக்கு நானூற்று அறுபது ஆனது. ஸ்ரீஜித் பில்லைக் கொடுத்துவிட்டு, மீதி இருபதை அவள் கையில் வைத்தான்.

"பன்னெண்டு வருச வட்டி?"

"சம்பளத்துல பிடிச்சுக்கோ."

சுபிதா நோட்டை மடித்துப் பர்சில் வைத்தாள். "வேண்டாம்ல, தீந்துது."