மவுஸைத் தொடாத ஞானராஜ்

எங்கள் அலுவலகத்தில் யாரும் யாரையும் என்ன சாதி என்று கேட்பதில்லை. என்ன எடிட்டர் என்று கேட்பார்கள். புரோகிராம் எழுத எந்த மென்பொருளைத் திறக்கிறான் என்று தெரிந்துவிட்டால், ஆளைப் பந்தியில் எங்கே உட்கார வைப்பது என்று முடிவாகிவிடும். மும்பையில் செம்பூர் ஸ்டேஷன் அருகே, புடவைக் கடைக்கு மேலே, பதினோரு பேர் கொண்ட கம்பெனி. ரத்தப் பரிசோதனை லேப்களுக்கு மென்பொருள் எழுதுகிறோம். முதலாளி பத்ரிநாராயணன், மாட்டுங்காக்காரர். விசிட்டிங் கார்டில் 'சீஃப் விஷனரி' என்று போட்டுக்கொண்டிருக்கிறார். மிச்சப் பத்துப் பேரும் சில்லறை விஷனரிகள் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் வேலை டெஸ்டிங். அடுத்தவன் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிக்கச் சம்பளம். மனிதர்களில் கண்டுபிடிப்பதைச் சம்பளமில்லாமல் செய்துவந்தேன்.

அதற்கு வாகாகக் கிடைத்தவன் ஞானராஜ். தாராவிக்காரன், நாற்பதை நெருங்குபவன். நாங்கள் தொட அஞ்சும் பழைய புரோகிராம்களையெல்லாம் பதினான்கு வருஷமாக அவன்தான் பழுதுபார்த்து வந்தான். அவன் எடிட்டர் விம். பழைய சரக்கு, மவுஸ் வேண்டாம், எல்லாம் விசைகளாலேயே ஆகிவிடும். கறுப்புத் திரையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் எழுத்துகள். சுற்றிலும் ஒன்றுமே இருக்காது. மவுஸைத் தொடுகிறவன் புரோகிராமரே இல்லை என்பான். பக்கவாட்டில் நின்று கை நீட்டினால் கண்டுகொள்ளாமல் போவான். தலைக்கனம் என்று பத்துப் பேரும் ஒருமனதாகத் தீர்மானித்திருந்தோம்.

ஜூன் மாதம் பத்ரி ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தார். ஊர் போய் வந்தால் மற்றவர்களுக்கு ஜலதோஷம் பிடிக்கும், அவருக்குக் கொள்கை பிடிக்கும். இந்த முறை 'ஒரே குழு, ஒரே எடிட்டர்'. புது எடிட்டரில் இடப்பக்கம் ஃபைல் பட்டியல், வலப்பக்கம் அரட்டையடிக்கும் ஏஐ, கீழே இன்னொரு கட்டம், மூலைக்கு மூலை மினுக்கும் பொட்டுகள். யாரும் எந்த செட்டிங்கையும் மாற்றக் கூடாது. திங்கட்கிழமை ஒவ்வொருவரும் எல்லோர் முன்னாலும் பெரிய திரையில் ஒரு திருத்தம் செய்து காட்ட வேண்டும்.

விம்மை விடமாட்டேன் என்று ஞானராஜ் எழுந்து நின்றான். கொள்கையை விடமாட்டேன் என்றார் பத்ரி. எனக்குக் கொண்டாட்டம். அன்றே அலுவலக வாட்ஸ்அப் குழுவில் 'விம்மானந்த சுவாமிகளின் உபதேசம்' என்று ஒன்று எழுதிப் போட்டேன். இளசுகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் ஆங்கில எழுத்தில். சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. ஞானராஜும் ஒரு கும்பிடு போட்டான்.

திங்கட்கிழமை, இளசுகளில் ஒருத்தியான ஸ்மிதா நான்கு நிமிஷத்தில் முடித்தாள். அடுத்து ஞானராஜ். எங்கே தப்பு என்று பார்க்காமலேயே வரி எண்ணைச் சொன்னான். ஆனால் அந்த வரிக்குப் போக மவுஸைப் பிடித்தான். அம்புக்குறி மூலைக்கு ஓடியது, நடுங்கியது, கீழே இறங்கியது. அவன் முகம் வேறெங்கோ திரும்பியிருந்தது. தரையைப் பெருக்குவதுபோல் தலையை அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே கொண்டுபோய்த் திரை முழுக்கத் தேடினான்.

"சுவாமிகள் தியானத்துல இருக்கார்" என்றேன். அறை சிரித்தது.

அம்புக்குறி அவன் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருந்தது. அது அவனுக்குத் தெரியவில்லை. எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இது நமக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். போகிற வழியில் நாற்காலியில் இடித்துக்கொண்டான். அதற்கும் சிரித்தார்கள்.

மாடிப்படி வளைவில் பிடித்தேன். எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டேன். மூன்று வருஷம். ஓரங்களிலிருந்து உள்ளே இருட்டிக்கொண்டு வருகிறதாம். குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடு மட்டும் பாக்கி. மருந்து கிடையாது என்று கண் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மனைவி ஜான்சியைத் தவிர யாருக்கும் தெரியாது.

"விம்முல வரி என்னத் தேடி நடுவுக்கு வரும்ணே. இதுல நான்லா தேடிப் போவணும்."

சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றேன்.

"கண்ணு போச்சுன்னா இரக்கப்படுவாங்க. திமிருன்னா கோவந்தான் படுவாங்க. திமிர் புடிச்சவன வேலைக்கு வச்சுக்கிடுவாங்கண்ணே." படிக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டான். "நீங்க எழுதிப் போட்டதும் நல்லதுக்குத்தான். எல்லாரும் நம்பிட்டாங்க."

யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டான். தலையாட்டினேன். சொல்ல மாட்டேன் என்று வாயாலும் சொன்னேன்.

அந்த வாக்கு புதன்கிழமைவரை தாங்கியது. பத்ரி அவனுக்கு எச்சரிக்கை மெயில் அனுப்பப்போகிறார் என்று கேள்விப்பட்டேன். உண்மையைச் சொன்னால் விம்மை அனுமதித்துவிடுவார், விஷயம் முடிந்துவிடும் என்று அவர் அறைக்குப் போனேன். என் உறுத்தலுக்கும் அவசரமாக ஒரு நல்ல காரியம் தேவைப்பட்டது.

பத்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியிருந்தார். அதுதான் வினை.

"பாவம்டா சாய்நாத். அந்த விம்மோ கிம்மோ, எது வேணா வெச்சுக்கட்டும். ஆனா ரத்த ரிப்போர்ட் சமாச்சாரம், கேட்டியா. கண் தெரியாதவன்ட்டயா புரோகிராம் எழுதக் குடுத்தேள்னு க்ளையன்ட் கேட்டா என்ன சொல்லுவேன்? ரிஸ்க் பஹுத் ஹை, ரொம்ப ஜாஸ்தி."

இந்த அலுவலகத்தில் ஆகக் குறைவாகத் தப்புச் செய்தவன் அவன்தான், என் டெஸ்டிங் ஃபைல்களைப் பாருங்கள் என்றேன். பத்ரி என் தோளைத் தட்டி, நல்ல மனசு உனக்கு என்றார்.

வெள்ளிக்கிழமை கேக் வெட்டினார்கள். ஞானராஜுக்குப் புதுப் பொறுப்பு: வாடிக்கையாளர்களின் ஃபோனை எடுப்பது. அரவணைப்பு பற்றிப் பத்ரி பத்து நிமிஷம் பேசினார். அவன் தோளில் கை போட்டுப் படம் எடுத்து இணையத்தில் ஏற்றினார். விம்மையும் அனுமதித்தார். அதில் திறக்கத்தான் ஃபைல் ஒன்றும் விட்டுவைக்கவில்லை. இத்தனை வருஷம் அவனோடு கத்திச் சண்டை போட்டவர்கள் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினார்கள். ஸ்மிதா கேக்கை ஊட்டிவிட வந்தாள். வாயை இறுக்கிக்கொண்டு, கையில் வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் தன் கீபோர்டைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்று, நல்லதை நினைத்துத்தான் சொன்னேன் என்றேன். சத்தம் வந்த பக்கம் மெதுவாக முகத்தைத் திருப்பி, பார்வை மிச்சமிருந்த இடத்தில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"நீங்க கேலி பண்ணிட்டு இருந்தப்ப எனக்கு வேல இருந்துச்சுண்ணே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். படிக்கட்டில் கால் வைத்ததும் மூன்று பேர் ஓடினார்கள். "ஞானராஜ் பாய், சம்பல்கே, ஜாக்கிரதை" என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் படியில் பதினான்கு வருஷமாக அவன் தனியாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தான். முதல் வளைவில் நின்றான். அவர்கள் கையை எடுக்கும்வரை அப்படியே நின்றுகொண்டிருந்தான்.