டெனிஸ்ரன் கொண்டுவந்த புதுக் காப்புறுதி

டெனிஸ்ரன் வீட்டுக்குள் காலடி வைக்கும்போதே மேடையேறுகிற மிடுக்கோடுதான் வருவான். டென்மார்க்கின் விபோர்க் நகரில் தமிழர் எந்த விழா வைத்தாலும் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு "அன்பார்ந்த உறவுகளே" என்று தொண்டை கிழியக் கத்துகிற ஆள் அவன். அதே வாயால் இப்போது ஆயுள் காப்புறுதி விற்கிறான். நிரஞ்சலாவுக்கு அவனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அவள் கணவர் பாக்கியராசாவுக்கோ, மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கில் காசு வாங்காமல் மூன்று மணித்தியாலம் நின்று அறிவிப்புச் செய்தவன் அவன். அப்படிப்பட்டவன் நீட்டுவதற்கு ஒப்பம் வைக்காமல் விடுவது மரியாதையில்லை என்பது அவர் எண்ணம்.

அன்றைக்கு மூன்றாவது தடவையாக வந்திருந்தான். தேத்தண்ணியை உறிஞ்சியபடி சொன்னதையே திரும்பவும் சொன்னான். பதினைந்து வருசத்துக்கு முதல் எடுத்த பழைய காப்புறுதி சரியில்லை, அதை நிறுத்திவிட்டு இவனுடைய புதியதை எடுக்கவேண்டும், மாசக் கட்டணமும் குறைவு, கிடைக்கிற தொகையும் அதிகம். பாக்கியராசா ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டினார்.

"முதல்ல புதுசு கிடைக்கட்டும். அதுக்குப் பிறகு பழசை நிப்பாட்டலாம்தானே?" என்று கேட்டாள் நிரஞ்சலா.

"ரெண்டையும் ஒண்டா முடிச்சா வேலை சுகம் அக்கா. பிடிக்காட்டி முப்பது நாளைக்குள்ள விலகலாம். டென்மார்க் சட்டமே அப்பிடித்தான்."

"புதுசில இருந்து விலகலாம். நிப்பாட்டின பழசு முப்பது நாளில திரும்பி வருமோ?"

டெனிஸ்ரன் பல்லைக் காட்டினான். நிரஞ்சலா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். முதல்நாள் மத்தியானம் முழுக்க, விளங்காத டேனிஷ் சொற்களைத் தேடித்தேடி, அவனுடைய காப்புறுதி நிறுவனத்தின் விதிகளை வாசித்து முடித்திருந்தாள். அவள் பார்த்தவரையில் இந்தச் சனம் ஒரு கிரைண்டர் வாங்கினால்கூட உத்தரவாத அட்டையை அலுமாரிக்குள் பூட்டி வைக்கும். சாவுக்கு வாங்குகிற பத்திரத்தை மட்டும் புரட்டியும் பார்க்காது. விற்கிறவன் நம்ம ஆள் என்றால் போதும், கண்ணை மூடிக்கொண்டு கையைக் கொடுத்துவிடும். அந்தக் குருட்டு மரியாதை அவளுக்கு அறவே பிடிக்காது.

"உடல்நலக் கேள்வியள் கொஞ்சம் இருக்கு, அண்ணை. சும்மா ஒரு நடைமுறை," என்று டெனிஸ்ரன் ரப்லெற்றைத் தட்டினான். "கடைசிப் பத்து வருசத்தில இருதய வருத்தம் ஏதும்?"

"இல்லை," என்றார் பாக்கியராசா.

சொல்லும்போது கண்கூட இமைக்கவில்லை. போன வருசம் ஐப்பசியில் நெஞ்சு நொந்து விழுந்து, ஆஸ்பத்திரியில் எட்டு நாள் கிடந்து, இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்த மனிசன். மகள் சயந்தினிக்கு இஷொய் நகரத்துக் குடும்பமொன்றில் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. தகப்பனுக்கு நெஞ்சு வருத்தம் என்று தெரிந்தால் சம்பந்தம் குழம்பிவிடும் என்று பயந்து, ஜெர்மனியில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று ஊருக்குச் சொன்னார்கள். சொன்னவர்களில் நிரஞ்சலாவும் ஒருத்தி. அதனால்தான் இப்போதும் அவளுக்கு வாய் எழவில்லை. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அவ்வளவுதான் அண்ணை. உங்கட போனில ஒப்பம் வைக்கிற மிட்-ஐடி செயலியைத் திறந்து விரலால ஒருக்கா இழுங்கோ. புதுசுக்கும் ஒப்பம், பழசை நிப்பாட்டுறதுக்கும் ஒப்பம்."

பாக்கியராசா விரலைக் கொண்டுபோனார். நிரஞ்சலா எட்டி அந்தப் போனைப் பறித்தாள்.

"தம்பி, இவருக்குப் போன வருசம் நெஞ்சில ஸ்டென்ட் வச்சது. ஜெர்மனிக்குப் போகேல்லை. எழுதும் அதை."

பாக்கியராசாவின் முகம் கறுத்தது. டெனிஸ்ரன் மட்டும் அசையவில்லை. மிச்சத் தேத்தண்ணியையும் குடித்து முடித்தான்.

"அது தெரிஞ்ச விசயம்தானே அக்கா. விபோர்க்கில அது தெரியாத ஆக்கள் ஆர்?"

 நிரஞ்சலாவுக்கு இப்போது எல்லாம் விளங்கியது.

"தெரிஞ்சுகொண்டோ 'இல்லை' எண்டு எழுதினனீர்?"

"அண்ணைதானே இல்லை எண்டவர். உள்ளதை எழுதினா கொம்பனி எடுக்காது. எழுதாட்டி எல்லாருக்கும் நல்லதுதானே."

"இவர் செத்தாப் பிறகு கொம்பனி ஆஸ்பத்திரிப் பதிவைக் கேட்டு எடுக்கும். பொய் சொன்னது எண்டு ஒரு சதமும் தராது. நேற்று உங்கட விதியிலயே வாசிச்சனான். பழசும் போயிருக்கும். அப்ப ஆருக்கு நல்லது, தம்பி?"

"அதை அப்ப பாப்பம் அக்கா..."

"அப்ப இவர் இருக்கமாட்டார். நான்தான் பாக்கவேணும். எழும்பும்."

இந்த ஊரிலேயே பெரிய வாய் என்று பெயரெடுத்தவன், ஒரு சொல்லும் பேசாமல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனான். சுகமான நேரத்தில் உண்மையைச் சொல்லி எடுத்த அந்தப் பழைய காப்புறுதியில் கை வைக்க வந்தவன் கடைசியில் இவ்வளவுதானா என்று அவளுக்கு இளக்காரமாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், பாக்கியராசா கதிரையில் இருந்து அவளையே முறைத்துக்கொண்டிருந்தார். ஆத்திரம் முழுக்க அவள் மேல்தான். தன்னை ஏமாற்ற வந்தவன்மேல் ஒரு துளியும் இல்லை.

"ஒரு மனிசனுக்கு முன்னால என்ர மானத்தை வாங்கிப்போட்டாய். நான் செத்தா உனக்குக் காசு வரவேணும். அதுக்குத்தானே நிக்கிறாய்?"

"ஓம், அதுக்குத்தான் நிக்கிறன். நீங்கள் போனாப் பிறகு உங்கட மானத்தை வச்சுக்கொண்டு நான் வீட்டு வாடகை கட்டேலாது."

நிரஞ்சலா போனை அவர் மடியில் போட்டுவிட்டு, தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.