வெட்டிய ஸ்பிரிங்

சுமியே அக்காவின் வலது கண் போனது அக்டோபர் கடைசியில். காகிப் பழமரத்தின் கிளை குத்திவிட்டது என்று சொன்னாள். நாங்களும் நம்பினோம். பழத்தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நடக்கக்கூடியதுதான். மருத்துவமனையிலிருந்து வந்த அன்று கோழியும் சேப்பங்கிழங்கும் வேகவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாளே பாத்திரத்தைக் கழுவி, அதில் பழம் நிரப்பித் திருப்பிக் கொடுத்தாள். கண்ணில் வெள்ளைக் கட்டு. முகத்தில் வேறொன்றும் இல்லை.

நாரா மலையின் தென்சரிவில் இருக்கிறது எங்கள் ஊர். பழம் நிறம் மாறியதும் குரங்குகள் இறங்கிவிடும். அவற்றை விரட்ட நகர அலுவலகம் எங்களுக்கு ஏர்சாஃப்ட் துப்பாக்கிகள் வாங்கிக் கொடுத்திருந்தது. உள்ளே ஒரு ஸ்பிரிங். அது விடுபடும் வேகத்தில் காற்று அழுந்தி, மிளகளவு பிளாஸ்டிக் குண்டு வெளியே பாயும். உயிர் போகாது, சுருக்கென்று வலிக்கும். வீட்டுக்கு ஒருவராகச் சேர்ந்து விரட்டுக் குழு அமைத்திருந்தோம். சுமியே அக்கா வீட்டிலிருந்து அவள் கணவர் யசுஹிகோ வருவார். எங்கள் வீட்டிலிருந்து நான். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஓதகிரிதான் எங்கள் தலைவர்.

நவம்பரில் ஒரு செய்தி வந்தது. அடுத்த பள்ளத்தாக்கில் யாரோ இப்படிப்பட்ட துப்பாக்கியின் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தார்களாம். குரங்கைச் சுட்ட குண்டு பள்ளி வண்டியின் கண்ணாடியை உடைத்துவிட்டது. சட்டம் ஓர் அளவு வைத்திருக்கிறது. அதற்கு மேல் வேகமுள்ள துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். எல்லா ஊர்களிலும் அதிகாரி வந்து அளப்பார் என்று அறிவித்தார்கள். அதற்கு முன்னால் நாமே அளந்துவிடுவோம் என்று ஓதகிரி ஒரு வேகமானியைக் கொண்டுவந்தார். குளிர்பான டப்பா அளவுதான் இருக்கும். அதன் துளை வழியாகச் சுட்டால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று எண் காட்டும். தொண்ணூற்றெட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர்க்கூடத்தில் கூடினோம். தேநீரும் அரிசி முறுக்கும் இருந்தன. முதலில் எங்கள் குழுவின் தொமியே சுட்டாள். எண் அறுபதைத் தாண்டவில்லை.

"தொமியே, உன் துப்பாக்கி சுடுதா தும்முதா?" என்றார் ஓதகிரி.

"குரங்குக்கு இது போதும். சந்தேகமா இருந்தா முதுகக் காட்டு."

எல்லோரும் சிரித்தோம். என்னுடையது எண்பத்தொன்பது. அடுத்து யசுஹிகோ. அவர் தயங்கினார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது கவனிக்கவில்லை. அவர் சுட்டபோது சத்தமே வேறு மாதிரி இருந்தது. எண் நூற்று முப்பத்தொன்று.

ஓதகிரி துப்பாக்கியை வாங்கித் தானே ஒருமுறை சுட்டார். அதே எண்தான்.

"உள்ள என்ன போட்டிருக்க?"

"வேற ஸ்பிரிங். தபால்ல வாங்கினேன்."

"எப்போ?"

"செப்டம்பர்ல. பழைய வேகத்துக்குக் குரங்கு திரும்பிக்கூடப் பாக்கல."

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். எல்லோரும் அப்படித்தான் திரும்பியிருந்தார்கள். சுமியே அக்கா மூலையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் தெரியாததால் கோப்பையின் விளிம்புக்கு உள்ளே ஒரு விரலை வைத்துக்கொண்டு ஊற்றினாள். சூடு விரலில் பட்டதும் நிறுத்தி, அடுத்த கோப்பைக்குப் போனாள்.

ஓதகிரி தொண்டையைச் செருமிக்கொண்டார். அதிகாரி வெள்ளிக்கிழமை வருகிறார், இது அவர் கண்ணில் பட்டால் குழுவையே கலைத்துவிடுவார்கள் என்று பொதுவாகச் சொன்னார்.

"நான் ஸ்பிரிங்க வெட்டிக் கொண்டு வரேன்" என்றாள் சுமியே அக்கா.

யசுஹிகோ துப்பாக்கியை எடுக்கக் கை நீட்டினார். "நீங்க விடுங்க" என்றாள் அவள். அவர் வெளியே போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் மதியம் என்னைக் கூப்பிட்டாள். தனியாகச் செய்ய முடியவில்லை. திருகாணியின் தலையில் வைப்பதாக நினைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த மரப்பிடியில் திருப்புளியை வைத்து அழுத்தியிருக்கிறாள். பழம் தரம் பிரிக்கும் கொட்டகையில் பழைய துண்டை விரித்து வேலையை ஆரம்பித்தோம். நான் திருகாணிகளைக் கழற்றினேன். துப்பாக்கிக்குள் இருந்த உருளையின் பின்மூடியைத் திறக்கும்போது ஸ்பிரிங் பாய்ந்து வெளியே வரும் என்பதால் துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டோம். கையில் உதைத்துக்கொண்டு வந்தது. முழ நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு, தடித்த எஃகுக் கம்பி.

முதலில் இருந்த ஸ்பிரிங் எங்கே என்று கேட்டேன். அவர் தகரக் குப்பையோடு போட்டுவிட்டாராம்.

கிளை வெட்டும் கத்தரிக்கு அந்தக் கம்பி மசியவில்லை. கத்தரியின் வாயில்தான் பள்ளம் விழுந்தது. சாணை இயந்திரத்தில் வைத்து இரண்டு வளையங்களை அறுத்தோம். வெட்டிய முனை கோணலாக நிற்கக் கூடாது. அடுப்பு பற்றவைக்கும் வாயுக்குழலால் பழுக்கக் காய்ச்சி, கல்லில் அழுத்தி, தட்டையாகத் தேய்த்தோம். மசகு பூசி உள்ளே வைத்து மூடினோம். கொடியில் கிடந்த பழைய மெத்தையை நோக்கி, ஓதகிரியிடம் வாங்கி வந்த வேகமானி வழியாகச் சுட்டேன். நூற்று இருபத்தாறு.

"ரெண்டு வளையத்துக்கு அவ்வளவுதானா?" என்றேன்.

"இன்னும் வெட்டு."

மறுபடி கழற்றினோம். மறுபடி அறுத்தோம். அவள் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டாள், நான் சாணையை ஓட்டினேன். பொறி பறந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நான்தான் நிறுத்திவிட்டு, கண்ணாடி போட்டுக்கொள் என்று சொன்னேன். மறந்துட்டேன் என்று எடுத்து மாட்டிக்கொண்டாள். அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

"அக்கா, அது கிளை இல்லதானே?"

வெட்டிய முனையில் ஒட்டியிருந்த தூளை ஊதினாள். "இல்ல."

பிறகு வேலை செய்துகொண்டே சொன்னாள். சரிவின் மேலடுக்கில், மேல்தட்டுத் தோட்டத்தில் இருட்டத் தொடங்கிய நேரம். விழுந்த பழங்களைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள், பழுப்புச் சட்டை. அவர் குரங்கு விரட்டிவிட்டுக் கீழிருந்து வந்தார். புதருக்குப் பின்னால் ஏதோ அசைவதைப் பார்த்திருக்கிறார். அவள் தலையைத் தூக்கினாள்.

"வண்டியில போறப்போ அவரு அழுதாரு. நான் அழல. ரேடியோல வானிலை சொல்லிக்கிட்டிருந்தான். நாளைக்குப் பனி விழும்னான். பழத்த மூடணுமேன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரி வாசல்ல எறங்குறதுக்கு முன்னாடி, கிளைன்னு சொல்லிடலாம்னேன். நான்தான் சொன்னேன், சயோ. அப்படிச் சொல்லச் சொல்லி அவரு கேக்கல."

"கோபம் வரலியா?"

"வரும் வரும்னு பாக்குறேன். வந்த பாடில்ல. அவரு சோறு கேட்டா போடுறேன். குளிக்கத் தண்ணி சூடா இருக்குன்னு சொல்றேன். எல்லாம் யாரோ செய்யிற மாதிரி இருக்கு."

துப்பாக்கியை மூடிச் சுட்டேன். தொண்ணூற்று மூன்று.

"போதும்க்கா. சட்டத்துக்குள்ள வந்துடுச்சு."

"இன்னும் ரெண்டு."

எழுபத்தொன்பது. மறுபடி இன்னும் ரெண்டு என்றாள். ஸ்பிரிங் இப்போது உருளையைவிடக் குட்டையாகி உள்ளே தளர்ந்து கிடந்தது, அசைத்தால் கடகடவென்றது. அடுத்த முறை அவளே சுட்டாள். இடது தோளில் வைத்து, இடது கண்ணால் பார்த்து. குண்டு மெத்தையில் பட்டு, குழிகூட விழாமல் தரையில் விழுந்து அவள் செருப்பருகில் உருண்டு வந்து நின்றது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றாள். வேகமானியை அணைத்தேன்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். இளவயதுக்காரர், எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அளந்தார். யசுஹிகோவின் துப்பாக்கியை எடுத்ததும் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஏதோ ஆடுகிறதே என்றார். பழசு என்றாள் சுமியே அக்கா. அவர் எண்ணைப் பார்த்து, இதை வைத்துக் குரங்கை எப்படி விரட்டுவீர்கள் என்று கேட்டுவிட்டு, ஒப்புதல் சீட்டை ஒட்டினார். ஓதகிரி மூச்சு விடுவது என் பக்கம்வரை கேட்டது.

யசுஹிகோ அதன்பிறகு குழுவுக்கு வரவில்லை. அவருக்குப் பதிலாக அவள் வந்தாள், அந்தத் துப்பாக்கியோடுதான். வேறு வாங்கித் தருகிறேன் என்று ஓதகிரி சொன்னதற்குத் தலையாட்டியதோடு சரி. காது கிழிந்த கிழட்டு ஆண்குரங்கு ஒன்று மேல்தட்டு மரங்களில் குடியிருந்தது. அவள் சுட்ட குண்டு அதன் வயிற்று மயிரில் பட்டு விழும். அது கீழே பார்த்துவிட்டு இன்னொரு பழத்தைப் பறித்துக்கொள்ளும். அவள் ஏற்றி, சுட்டு, ஓரடி நடந்து, மறுபடி ஏற்றுவாள். மரத்தடிக்கே போய் நின்றுவிடுவாள். கடைசியில் அது இறங்கிப் போகும், அவசரம் எதுவும் இல்லாமல். அந்த ஆண்டு மேல்தட்டில் பாதிப் பழம் குரங்குக்குத்தான் போனது. யசுஹிகோ அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் எங்கே போனாலும் அவளுக்கு வலது பக்கமாக நடந்தார், தடுக்கி விழாமல் பார்த்துக்கொள்ள. ஊரில் பெண்கள் அதைப் பார்த்து மனமிரங்கினார்கள். நான் அவளிடம் சொன்னேன். "ஆமா. அந்தப் பக்கம் நிக்கிறதால, இருக்காருன்னே தெரியிறதில்ல" என்றாள். குத்திக்காட்டிச் சொன்னதாகத் தெரியவில்லை.

பிப்ரவரியில் அந்தக் கண் சுருங்கத் தொடங்கியது. பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். என்னை வண்டி ஓட்டச் சொன்னாள். காலையில் நான் போனபோது யசுஹிகோ தன் வண்டியை இயக்கி வைத்து, கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "நீங்க மரத்துல கிளை கழிக்க வேண்டியிருக்கில்ல" என்று அவரிடம் சொல்லிவிட்டு என் வண்டியில் ஏறினாள். அவர் வண்டியை அணைத்தார். சுரண்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் பையில் போட்டுக்கொண்டார்.

மருத்துவர் புதியவர், இளம்பெண். பழைய விவரங்களைப் பார்த்து, கிளை குத்தியதா என்று கேட்டாள்.

"வீட்டுக்காரர் சுட்டாரு" என்றாள் சுமியே அக்கா. "குரங்குன்னு நெனச்சு."

மருத்துவர் என்னைப் பார்த்தாள், பிறகு அவளை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டுமா, வீட்டில் பயமாக இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டாள். பயம் இல்லை என்றாள் அக்கா. சரியான விவரம் இருக்கட்டும் என்றுதான் சொன்னேன் என்றாள். விழியின்மேல் பொருத்தும், கண்போலவே தெரியும் செயற்கை மூடிக்கு அளவெடுத்தார்கள். கண்ணின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் ஊதோன் நூடுல்ஸ் கடையில் சாப்பிட்டோம். முதல் வாயிலேயே நாக்கைச் சுட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை தண்ணீர் குடித்தாள். நீர் இரண்டு கண்ணிலும் வந்தது. "இதுலயும் வருது பாரு" என்று துடைத்துக்கொண்டு மிச்சத்தைச் சாப்பிட்டாள்.

ஊர் வந்தபோது யசுஹிகோ மேல்தட்டில் ஏணியில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் வண்டியைப் பார்த்ததும் இறங்கத் தொடங்கினார். அவள் கதவைச் சாத்திவிட்டு, சாயந்தரக் குழுவுக்கு வருகிறேன் என்று என்னிடம் சொன்னாள். அவருக்காகக் காத்து நிற்கவில்லை. ஆனால் வீட்டின் வாசற்கதவைத் திறந்தே விட்டுவிட்டு உள்ளே போனாள்.