கிழங்குக்குள் மோதிரம்

பூசை முடிந்து வந்து குசினிக்குள் நுழைந்த கொறற்றியின் கண்ணில் முதலில் பட்டது ஓர் உப்புப் பெட்டி. அது அவள் வாங்கிய உப்பு இல்லை. 'இதயத்துக்கு நல்லது' என்று ஜெர்மனில் பெரிதாகப் போட்டிருந்தது. பெட்டியைத் திருப்பினாள். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் 'பொட்டாசியம்' என்று கிடந்தது. பெட்டியைக் கையில் பிடித்தபடியே அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

"மாமி, வந்திட்டீங்களா?" என்றாள் ஓர்லா. 'மாமி' மட்டும் தமிழ், மிச்சமெல்லாம் ஜெர்மன். கொறற்றியின் ஒரே மகன் லக்ஸன் கட்டப்போகும் ஐரிஷ் பெட்டை. இரண்டு பேருக்கும் எர்லாங்கனில் வேலை. திருநாள் விடுமுறைக்குக் கொலோனுக்கு வந்திருந்தார்கள். வந்த கையோடு இன்று சமையல் தன்னுடையது என்று குசினியைப் பிடித்துவிட்டாள். நல்ல பிள்ளை, சும்மா சொல்லக்கூடாது.

அவித்த உருளைக்கிழங்கைப் பெரிய சட்டியில் போட்டு மசித்துக்கொண்டிருந்தாள். அதோடு குறூன்கோல் கீரை, பால், வெண்ணெய். கொல்கனன் என்று பெயராம். அவர்கள் ஊரில் சகல புனிதர் திருநாளுக்கு முதல்நாள் வீடு வீடாக இதைத்தான் சாப்பிடுவார்களாம். ஒரு நாள் பிந்தினாலும் புனிதர்கள் கோபிக்கமாட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தாள்.

"இந்த உப்பு?" என்று கேட்டாள் கொறற்றி.

"மாமாவுக்காகத் தேடி வாங்கினேன். அவருக்குப் பிறஷர் என்று லக்ஸன் சொன்னான். இதில் சோடியம் குறைவு, தாராளமாகப் போடலாம். கீரையும் கிழங்கும் எவ்வளவு ஆரோக்கியம் தெரியுமா!"

ஆருக்கு ஆரோக்கியம்? கொறற்றி பெட்டியைக் குசினி மேடையில் வைத்தாள்.

பிறஷர் என்பது மகனுக்குச் சொன்ன கதை. உண்மை வேறு. அவளுடைய கணவர் அல்பேர்ட்டின் சிறுநீரகம் இரண்டும் முக்கால்வாசி செத்துவிட்டன. போன வருடம் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக் குளியலறையில் விழுந்தார். இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் நெஞ்சு நின்றிருக்கும் என்றார் டொக்டர். அன்று தொடக்கம் அந்த வீட்டில் கிழங்கை நறுக்கி இரவு முழுக்க ஊறவைத்து, இரண்டு தண்ணீரில் அவித்து, சாரமெல்லாம் போனபிறகு ஒரு கரண்டி வைப்பாள் கொறற்றி. அவர் அதைச் சவர்க்காரம் தின்பது மாதிரித் தின்பார்.

அதே டொக்டர் இன்னொன்றும் சொன்னார். சொந்தத்தில் ஒருவர் ஒரு சிறுநீரகம் கொடுத்தால் நல்லது என்றார். கொறற்றிக்குச் சீனி வருத்தம், நீரிழிவுக்காரி கொடுக்க முடியாது. மிச்சம் லக்ஸன்தான். அன்றைக்கே அல்பேர்ட் அவளின் கையைப் பிடித்து மடு மாதாமேல் சத்தியம் வாங்கினார். "அவனுக்குத் தெரிஞ்சால் நாளைக்கே வெட்டித் தந்திடுவான். கலியாணம் கட்டப்போற பிள்ளை. என்ரை உயிர் போனாலும் நீர் வாய் திறக்கப்படாது." முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற வேலை. மறைத்தார்கள்.

"அவருக்கு நான் கொஞ்சம் பிட்டு அவிக்கிறேன் பிள்ளை," என்று சொல்லிப் பார்த்தாள் கொறற்றி.

"ஐயோ மாமி, எல்லாரும் ஒரே சட்டியில்தான் சாப்பிட வேண்டும்! உள்ளே ஒரு மோதிரம் ஒளித்திருக்கிறேன். அது கிடைக்கும்வரை ஒருவரும் மிச்சம் விடக்கூடாது, விட்டால் வருடம் முழுக்கத் துரதிர்ஷ்டம்."

மேசையில் முதல் சாப்பாட்டுக் கோப்பை மூத்தவருக்கு. ஓர்லா மலைபோலக் குவித்து, நடுவில் குழி பறித்து வெண்ணெயை விட்டாள். உருகிய வெண்ணெய் மஞ்சளாகத் தளும்பியது. அல்பேர்ட்டின் கண்கள் விரிந்தன. பாவி மனுசன், ஒரு வருடமாகக் காணாத சாப்பாடு.

வேறு வெள்ளைக்காரர் முன்னால் என்றால் தமிழில் ஒரு சொல் போட்டால் போதும். இங்கே மகன் எல்லோ பக்கத்தில் இருக்கிறான்! தண்ணீர்ப் போத்தலை எடுக்கிற சாட்டில் முழங்கையால் கோப்பையை ஒரே தள்ளாகத் தள்ளினாள். அது நிலத்தில் விழுந்து உடைந்தது.

"பரவாயில்லை மாமி, நிறைய இருக்கிறது," என்று ஓர்லா இன்னொரு கோப்பையை நிரப்பினாள். முதலில் வைத்ததைவிடக் கூட.

அல்பேர்ட் மனைவியை ஒரு முறை முறைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தார். "அந்தோனியாரே, இதெல்லோ சாப்பாடு!"

"இஞ்சேருங்கோ, உப்புக் கூடவாக் கிடக்குது. காணும், விடுங்கோ."

"உப்புக் கணக்காத்தான் கிடக்குது. நீர் பேசாமல் சாப்பிடும்."

ஒரு வாய். இன்னொரு வாய். கொறற்றி அவருடைய முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், கரண்டி பிடித்த விரல்கள் நடுங்குகின்றனவா என்று பார்த்தாள். கிழங்கு ஒரு பங்கென்றால் அந்த உப்பு எத்தனை பங்கு? மாதாவே, எவ்வளவு போட்டாளோ? அவருக்கு உப்பின் கதையே தெரியாது. ஒரு நாள் கிழங்கு ஒன்றும் செய்யாது என்று நினைத்துக்கொண்டு தின்கிறார்.

லக்ஸன் தன் கோப்பையை வழித்து முடித்தான், மோதிரம் இல்லை. ஓர்லாவிடமும் இல்லை. கொறற்றி தன்னுடையதைக் கரண்டியால் கிளறிக் கிண்டினாள், இல்லை.

"அப்ப அப்பாட்டைத்தான்!" என்று லக்ஸன் கை தட்டினான். "சாப்பிடுங்கோப்பா, சாப்பிடுங்கோ! அடிமட்டும் போங்கோ!"

அல்பேர்ட் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு வேகமாக அள்ளத் தொடங்கினார். பெற்ற பிள்ளை கை தட்டித் தகப்பனுக்கு நஞ்சு ஊட்டுகிறான். சொன்னால் பிள்ளையின் உடம்பில் கத்தி விழும். சொல்லாவிட்டால் இந்த மனுசன் போய்விடும். இருதலைக் கொள்ளி எறும்பாக இன்னும் எவ்வளவு நேரம் இருப்பது?

கொறற்றி எழுந்து கோப்பையைப் பறித்தாள். "காணும்! துப்புங்கோ!"

"உமக்கென்ன விசரே?"

"ஓம், விசர்தான்! லக்ஸன், அப்பான்ரை கிட்னி இரண்டும் போச்சு. ஒரு வருசமாய் உனக்கு மறைச்சனாங்கள். கிழங்கு அவருக்கு நஞ்சு, இந்த உப்பு அதைவிட நஞ்சு. என்ன பாத்துக்கொண்டிருக்கிறாய், அம்புலன்சுக்கு அடியடா!"

காகிதம் சுற்றிய மோதிரம் கோப்பையிலிருந்து உருண்டு மேசைவிரிப்பில் விழுந்தது. ஒருவரும் அதை எடுக்கவில்லை. அல்பேர்ட் தலையைக் குனிந்துகொண்டார். ஓர்லாவுக்குத் தமிழ் விளங்கவில்லை. ஆனால் 'கிட்னி' விளங்கியது. உப்புப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. லக்ஸனுக்கு முதல் அவள்தான் போனை எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் அல்பேர்ட்டின் நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள், ஊசி போட்டார்கள், கரைத்த தூள் ஒன்றைக் குடிக்கக் கொடுத்தார்கள். பொட்டாசியம் கடகடவென்று ஏறியிருந்தது. வீட்டில் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் கதை வேறு என்று டொக்டர் சொன்னார். இனி இறங்கிவிடும் என்றும் சொன்னார். ஓர்லா கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து "மன்னியுங்கள் மாமா" என்று திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அவளின் தலையைத் தடவினார். மனைவியின் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

கொறற்றி வெளியே நடைபாதைக் கதிரையில் இருந்தாள். பயம் போகவில்லை, ஆளை மாற்றிக்கொண்டு இப்போது மகன்மேல் நின்றது. டொக்டரோடு நெடுநேரம் கதைத்துவிட்டு வந்த லக்ஸன் பக்கத்தில் இருந்தான்.

"அம்மா, அப்பான்ரை இரத்தம் என்ன குறூப்?"

அவளுக்கு மகன் பிறந்த அன்றே தெரியும். தகப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே வகை, ஓ பொசிற்றிவ்.

"ஏபி," என்றாள். "உன்னோடை பொருந்தாது மோனை."

லக்ஸன் தாயின் பக்கம் திரும்பினான். "டொக்டர் சொல்லிப்போட்டார், அப்பா ஓ எண்டு. ஏபி எண்டாலும் என்ரை ஓ பொருந்தும். நீங்கள் இனியாவது உண்மை சொல்லுவியளோ எண்டு பாக்கத்தான் கேட்டனான்."

கொறற்றியின் வாய் கோணியது. அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த அழுகை வெடித்துவிட்டது. "பயமாக் கிடக்குதடா. எனக்கு நீ ஒண்டுதான். நீயும் அந்தக் கட்டிலிலை கிடந்தால் நான் என்ன செய்வன்?"

"எனக்கும் பயம்தானம்மா." அவன் தாயின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். அவன் கையும் குளிர்ந்துதான் இருந்தது. "மாதாமேலை சத்தியம் பண்ணியும் அப்பாவைச் சாகவிட உங்களாலை ஏலாமல் போச்சுத்தானே. எனக்கு மட்டும் ஏலுமோ?"