பனி வழிக்கும் வண்டிக்குப் பின்னால் ஒரு கார்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்தது என்று சொன்னால் பொய். ஒரு வானிலை முன்னறிவிப்பில் இருந்து எடுத்தது. நான் ஜெர்மனியில் கொஸ்லார் என்ற நகரத்தில் ஒரு பேக்கரியில் பாண் விற்கிறேன். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். அதிலும் மிச்சம் இருந்தால் ஜெர்மன் வானிலை அறிவித்தல்களைத் தமிழாக்கி, ‘மலையும் அடிவாரமும்’ என்ற வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். பக்கத்து ஹார்ட்ஸ் மலை விடுதிகளில் துப்புரவு வேலைக்குப் போகிறவர்கள், மலைமேல் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற பிறகு யன்னலால் பனி பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். என் கதைகளை அவர்கள் வாசிப்பதில்லை. வானிலையை ஒரு சொல் விடாமல் வாசிப்பார்கள். எனக்கு இது கொஞ்சம் எரிச்சல்தான்.

நேற்று நான் போட்டது இது:

மலையின் உயரமான பகுதிகளில் நாளை பிற்பகல் தொடக்கம் கடும் பனிப்பொழிவும் சூறைக்காற்றும் எதிர்பார்க்கப்படுகின்றன. காற்று பனியை அள்ளி வீதிகளை மூடலாம். பள்ளத்தாக்குகளில் முதலில் மழை, பின்னர் வீதி உறைந்து வழுக்கும். பட்ட மரங்கள் விழும். காட்டுப் பக்கம் வாகனத்தை விட்டு இறங்க வேண்டாம்.

“அக்கா, பஸ் கேன்சல் ஆகுமா? எக்ஸாம் இருக்கு” என்று ஒரு மாணவன் கேட்டான். ஒரு அண்ணை கும்பிடும் கை ஒன்று போட்டார். அவர் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் அதைத்தான் போடுவார். பிறகு எவ்லின் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். எவ்லினின் கணவன் கொட்வின் மலைவீதிகளில் பனி வழிக்கும் வண்டி ஓட்டுகிறவன்.

“பிறேமாக்கா, போன முறையும் இதே வசனங்கள்தானே போட்டனீங்கள்?”

மேலே தட்டிப் பார்த்தேன். ஓம், அதேதான். ஒரு சொல்கூட மாறவில்லை.

[வானிலைக்காரர்களிடம் கொஞ்ச வசனங்கள்தான் இருக்கின்றன. புயலுக்குத் தக்கபடி எடுத்து வைப்பார்கள். இதில் பயப்பட ஒன்றும் இல்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.]

2

முதல் தொடக்கம்: ‘மலை வெள்ளைச் சேலை உடுத்தி—’

வேண்டாம். இந்த மலையை நீங்கள் வந்து பார்க்கவேண்டும். வண்டு அரித்து ஊசிமரங்கள் எல்லாம் நின்ற நிலையிலேயே செத்துப்போய்விட்டன. சதை எடுத்த மீன்முள் மாதிரிச் சாம்பல் நிறத்தில் மைல்கணக்காக நிற்கின்றன. சேலை, நகை என்று ஆரம்பித்தால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

இரண்டாம் தொடக்கம்: ‘மன்னார் வெயிலில் பிறந்த கொட்வின் ஒருநாள் பனியோடு—’

இதுவும் வேண்டாம். வெயிலில் பிறந்தவன் பனி வழிக்கிறான் என்று வாசகரை வாய்பிளக்க வைக்க நான் இதை எழுதவில்லை. கொட்வினுக்கு அதில் ஒரு அதிசயமும் இல்லை. கோடையில் வீதியோரப் புல் வெட்டுவான், மாரியில் பனி வழிப்பான், சம்பளம் ஒழுங்காக வரும்.

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். சில கிழமைகளுக்கு முன்னர், இதே அறிவித்தல் வந்த அடுத்த நாள் பின்னேரம், கொட்வின் அல்தெனவ் கிராமத்தில் இருந்து மலை உச்சியில் இருக்கும் டோர்ஃப்ஹவுசுக்கு வழித்துக்கொண்டு ஏறினான். இருட்டுப்படும் நேரம். பின்பார்க்கும் கண்ணாடியில் ஒரு காரின் வெளிச்சம் தெரிந்தது. அது வழக்கம்தான். புயலில் அகப்பட்ட கார்கள் வழிக்கும் வண்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறும். வண்டி வழித்த பட்டைதான் அப்போது வீதி. கொட்வினும் அதற்கென்று வேகத்தைக் குறைத்தான். அவன் குறைத்தால் அதுவும் குறைத்தது.

பாறைப் பக்கமாக வளைந்து ஏறும் இடத்தில் அந்தக் கார் வலப்பக்கம் சிக்னல் போட்டது.

“அந்த இடத்தில திரும்ப றோட்டே இல்லை அக்கா” என்று கொட்வின் பிறகு எனக்குச் சொன்னான். “பட்ட மரமும் பள்ளமும்தான்.”

உச்சியில் ஒதுங்கி நின்று, காரை முன்னே விடப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. திரும்ப இறங்கிப் போனான். அவன் வழித்த பட்டை பாதி மூடிக்கிடந்தது. காரும் இல்லை, தடமும் இல்லை. பொலிஸ் வந்தது. மீட்புப் படை நாயோடு வந்தது. காற்று அடங்கிய பிறகு பள்ளம் முழுக்கத் தேடினார்கள். யாரையும் காணவில்லை என்று எவரும் முறையிடவும் இல்லை. உன்னுடைய வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பியிருக்கும் என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

“என்ர வெளிச்சம் ஏனக்கா சிக்னல் போடப்போகுது?”

எனக்கு மயிர் கூச்செறிந்தது. அதை மறைக்க அவனுக்கு ஒரு கோப்பி போட்டுக் கொடுத்தேன்.

3

அதன் பிறகு அவன் பேக்கரிக்கு அடிக்கடி வந்தான். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்தவர்களை அனுப்பும்போது, “போய்ச் சேர்ந்த உடன ஒரு ரிங் அடியுங்கோ” என்போம். அந்த ரிங் வரும்வரைக்கும் வீட்டுக்காரர் படுக்கமாட்டார்கள். கொட்வின் அந்த நிலையில்தான் இருந்தான். யாரோ ஒருத்தர் அவனுக்கு ரிங் அடிக்கவேண்டியிருந்தது.

ஒருநாள் கேட்டான்: “நீங்கள் கதை எழுதுறனீங்கள்தானே? அந்தக் காரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கோ.”

சிரிக்கப் பார்த்தேன். அவன் முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

எழுத உட்கார்ந்தேன். காரைக் கரைசேர்ப்பது பெரிய வேலையா என்ன? ஆனால் கார் என்றால் ஓட்டுவதற்கு ஆள் வேண்டும். முதலில் ஒரு கிழட்டு ஜெர்மன்காரரை ஏற்றினேன். தொப்பி போட்டு, மீசை வைத்து, நாய் ஒன்றும் கொடுத்துப் பார்த்தேன். கடதாசி மட்டை மாதிரி இருந்தார். இறக்கிவிட்டேன்.

பிறகு பேர்பெச்சுவா வந்தாள்.

பேர்பெச்சுவாவுக்கு ஐம்பது வயது இருக்கும். டோர்ஃப்ஹவுசுக்கு அங்காலே ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. பக்கத்து இருக்கையில் மீன்குழம்புச் சட்டியைத் துவாயால் சுற்றி வைத்து அதற்குச் சீட் பெல்ட்டும் போட்டிருக்கிறாள். இல்லத்தில் சமைக்கும் சாப்பாட்டை அவள் வாயில் வைக்கமாட்டாள். பயம் வந்தால் முன்னால் போகும் வாகனத்தோடு கதைப்பாள். “மெதுவாப் போ ராசா, என்னை விட்டிட்டுப் போயிடாத” என்று கொட்வினின் வண்டியைப் பார்த்துச் சொன்னாள். இதை எழுதியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வருடக்கணக்காக என் கதைகளில் இப்படி ஒரு ஆள் வந்ததில்லை.

அந்த வளைவு வந்தது. பேர்பெச்சுவா வலப்பக்கம் சிக்னல் போட்டாள்.

அழித்தேன். திரும்ப எழுதினேன். நேராகப் போகிறாள், கண் வண்டியின் மேல் இருக்கிறது, கை ஸ்டியரிங்கில்— கை சிக்னலுக்குப் போய்விட்டது.*

* ‘பாத்திரம் என் பேச்சைக் கேட்கவில்லை’ என்பது எழுதுகிறவர்களின் பழைய பம்மாத்து. மற்றவர்கள் சொல்லும்போது நானும் நக்கல் அடித்திருக்கிறேன். இப்போது என்ன சொல்வதென்று தெரியவில்லை. காரணம் மட்டும் தெரிந்தால் அவளைத் தடுத்துவிடுவேன். வலப்பக்கத்தில் அவள் எதைக் காண்கிறாள்? அங்கே யார் கை காட்டுகிறார்கள்? அந்த வரியை எழுதப்போனால் எனக்கு விரல் குளிர்கிறது.

4

எழுதியதுவரைக்கும் கொட்வினுக்கு அனுப்பினேன். முடிவு பிறகு வரும் என்றேன். அவன் வாசித்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டான்.

“அவவுக்குப் பிள்ளையள் இருக்கினமோ?”

அடுத்த நாள் எவ்லின் பேக்கரிக்கு வந்தாள். ஆட்கள் வரிசையில் நிற்க, என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டாள்.

“அக்கா, இவ்வளவு நாளும் அந்தாளுக்கு வெறும் வெளிச்சம்தான் இருந்தது. நீங்கள் அதுக்குள்ள ஒரு மனிசியை இருத்திப்போட்டியள்.”

“நல்லதுக்குத்தானே எவ்லின்—”

“என்ன நல்லது? இனி அந்த வெளிச்சம் வந்தா வண்டியை நிப்பாட்டிப்போட்டு இறங்கி நடந்துபோய்ப் பாப்பாராம். மீன்குழம்போட ஒரு பொம்பிளையை விட்டிட்டு வர ஏலாதாம். அந்தக் காத்துக்குள்ள இறங்கினா திரும்பி வருவாரோ? சொல்லுங்கோ அக்கா. நீங்கள்தானே அதையும் தமிழில எழுதிப் போடுறனீங்கள்.”

பட்ட மரங்கள் விழும். வாகனத்தை விட்டு இறங்க வேண்டாம். வரிசையில் நின்ற ஒருவர் பாண் கேட்டார், கொடுத்தேன்.

5

முடிவுகள்.

அ) பேர்பெச்சுவா நேராகப் போய் இல்லத்தைச் சேர்ந்தாள். குழம்பைச் சூடாக்கினாள். இதை எழுதி அனுப்பினேன். “இது நீங்கள் எனக்காக எழுதினது” என்று கொட்வின் பதில் போட்டான். வானிலையைத் தவிர ஒன்றும் வாசிக்காத குழுவில் எனக்குக் கிடைத்த ஒரேயொரு விமர்சகன்.

ஆ) கார் வெறும் கார். அதற்குள் ஆரும் இல்லை, இருந்ததும் இல்லை. எழுதியதை எல்லாம் அழித்தேன். அழித்தால் மட்டும் போய்விடுவாளா? நீங்களும் இப்போது அவளைக் கண்டுவிட்டீர்கள். அந்தத் துவாய் என்ன நிறம் என்று கேட்டால் உங்களிடமும் ஒரு நிறம் இருக்கும்.

இ) கொட்வின் இன்று வேலைக்குப் போகவில்லை. இது நல்ல முடிவு. ஆனால் எவ்லின் மன்றாடியும் அவன் கேட்கவில்லை. “நான் போகாட்டி வேற ஒருத்தன் போவான். அவன் கண்ணாடியைப் பாப்பானோ?” என்றானாம்.

ஆகவே இன்று காலை எழுத்தை விட்டுவிட்டு, மண்டைக்குள் வந்த ஒரு பைத்தியக்கார வழியைக் கையில் எடுத்தேன். கொட்வினுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்: “தம்பி, இண்டைக்கு உனக்குப் பின்னால நான் வாறன். கண்ணாடியில வெளிச்சம் தெரிஞ்சா அது என்ர கார். நிப்பாட்டாத, இறங்காத. உச்சிக்குப் போ.”

கொட்வின் சிரித்தான். அவன் சிரித்து நான் கேட்டுக் கன நாள்.

“உங்கட கார் மலை ஏறுமோ அக்கா?”

“நீ வழிச்சால் ஏறும்.”

6

[கார் ஓட்டிக்கொண்டு எப்படி எழுதுகிறாய் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். வாய்க்குள் வசனம் கட்டாமல் நான் ஒருநாளும் இருந்ததில்லை.]

அல்தெனவின் கடைசி வீடும் பின்னால் போய்விட்டது. அடிவாரத்தில் மழையாக இருந்தது, இங்கே பனி குறுக்கே பறக்கிறது. கொட்வினின் வண்டியில் சுற்றும் மஞ்சள் வெளிச்சம் மட்டும் எனக்கு முன்னால் தெரிகிறது. அவன் தூவும் உப்பு என் முன்கண்ணாடியில் பட்டுச் சடசடக்கிறது. இரண்டு பக்கமும் பட்ட மரங்கள். காற்று வரும்போது அவை அசையவில்லை. காடு முழுக்க ஒரு முனகல் மட்டும் கேட்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. கதைக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே பயம்.

தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன்.

“அக்கா, வெளிச்சம் வருது. நீங்கள்தானே?”

“ஓம் தம்பி, நான்தான்.”

“கிட்ட வந்திட்டியள். கொஞ்சம் பிந்தி வாங்கோ.”

நான் கிட்ட வரவில்லை. மஞ்சள் வெளிச்சம் எனக்குத் தூரத்தில்தான் இருக்கிறது.

“அக்கா, பெரிய லைட்டை ஒருக்காப் போட்டு நூருங்கோ.”

போட்டு உடனே அணைத்தேன். அவன் பக்கம் வைப்பரின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மிக மெதுவாகச் சொன்னான்.

“தள்ளிப் பின்னுக்கு ஒண்டு மினுங்கினது. எனக்குக் கிட்ட வாறது மினுங்கேல்லை.”

எனக்கும் அவனுக்கும் நடுவில் பார்த்தேன். ஒரு காரின் சிவப்புப் பின்விளக்கும் இல்லை. பனிதான் பறந்தது. அதற்கு அப்பால் மஞ்சள் வெளிச்சம் மெதுவாகிக்கொண்டு வந்தது. அவன் நிற்பாட்டப் போகிறான்.

“உங்களுக்கு முன்னால கார் ஒண்டு நிக்குதோ அக்கா? பாத்துச் சொல்லுங்கோ. நான் இறங்கிறன்.”

“ஒண்டும் இல்லை கொட்வின். நானும் பனியும்தான். எவ்லின் பாத்துக்கொண்டிருக்கிறாள். போ.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

மஞ்சள் வெளிச்சம் திரும்ப வேகமெடுத்தது. வளைவில் ஏறி மறைந்தது.

7

கொட்வின் இறங்கவில்லை. அவன் உச்சிக்குப் போய்விடுவான். எவ்லினுக்கு நான் தரவேண்டிய முடிவு அதுதான், தந்துவிட்டேன். நல்ல எழுத்தாளர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்.

நானும் நிறுத்திவிட்டேன், காரை. பாறைப் பக்க வளைவுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறேன். வலப்பக்கம், பனியை வழித்து ஒதுக்கிய வரம்பில் ஒரு இடம் உடைந்திருக்கிறது. ஒரு கார் போகக்கூடிய அகலம். காற்று உடைத்திருக்கலாம். மான் பாய்ந்திருக்கலாம். என் வெளிச்சம் அதற்கு அங்காலே போகவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பனி அதை மூடிக்கொண்டு வருகிறது. எனக்கு முன்னால் பட்டையும் மூடிக்கொண்டு வருகிறது. இப்போதே வெளிக்கிட்டால் கொட்வினைப் பிடித்துவிடலாம்.

ஆனால் பேர்பெச்சுவாவை இந்த வீதிக்குக் கொண்டுவந்தவள் நான்.

இவ்வளவு நேரமும் நான் வழித்த பட்டையில் எனக்குப் பின்னால் வந்தவர் நீங்கள். வீட்டில், சூட்டில் இருக்கிறீர்கள். உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த வரம்புக்கு அங்காலே ஒருவரும் இல்லை என்றால் சொல்லுங்கள், நான் காரை எடுக்கிறேன். பேர்பெச்சுவா அங்கே இருக்கிறாள் என்றால் அதையும் சொல்லுங்கள். என் கை கதவில் இருக்கிறது.

ஒன்றுதான் கேட்கிறேன். நான் கொட்வினுக்குச் சொன்ன மாதிரி, இங்கேயிருந்து போகவைப்பதற்காக மட்டும் எனக்குச் சொல்லாதீர்கள்.