தளும்பத் தளும்ப ஒரு கடிதம்

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். ஜன்னலோரம் மேலாளர், ஏசி நேராகத் தலையில் அடித்தும் நகராமல். அவருக்கு எதிரே, படகில் மாட்டும் ஆபத்து அழைப்புக் கருவியொன்றை மடியில் வைத்துக்கொண்டு, சோதனை பார்க்கும் அக்கா. கதவுப் பக்கத்து நாற்காலியின் நுனியில் சிக்கனம்.

அது அலுவலகம் வைத்த பெயர். நினைவகத்தில் ஒரு பைட் இடம் வீணானால் அவளுக்குச் சோறு இறங்காது என்பார்கள். கருவியின் கெர்னலுக்குள், அதாவது அடிப்படை மென்பொருளுக்குள், செயற்கைக்கோள் வழியாக வரும் செய்தியை வாங்கி வைக்கும் பகுதியை எழுதியவள் அவள்தான். வருகிற செய்தியின் நீளம் முன்கூட்டித் தெரியாதே! அதனால் முதலில் நினைவகத்தில் பெரிய காலி இடமாக, பெரிய பஃபராக, கேட்டு வாங்குவாள். செய்தி வந்து உட்கார்ந்ததும் பஃபரைச் சுருக்கி, மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். பெருக்கினால்தான் இடம் மாறும், சுருக்கினால் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று நம்பியிருந்தாள்.

"மாறுதுடி," என்றாள் அக்கா. "நினைவகம் துண்டு துண்டாப் போனப்புறம், சில தடவை. குடும்பம் சின்னதாயிடுச்சுன்னு வீட்டுக்காரன் வேற வீட்டுக்கு மாத்திட்டான். நீ இன்னும் பழைய வீட்டுக் கதவையே தட்டிட்டிருக்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கருவி உறைஞ்சு போகுது. பச்சை விளக்கு மட்டும் எரியும். ஆபத்து பட்டனை அமுக்கினா வெளியே ஒண்ணும் போகாது."

மற்ற கருவிகள் கிடங்கில்தான் இருந்தன. கடலுக்குப் போனது ஒன்றே ஒன்று. 'என் தங்கச்சி செஞ்சது' என்று துறைமுகமெல்லாம் காட்டிவிட்டு, சிக்கனத்தின் அண்ணன் தன் படகில் மாட்டிக்கொண்டு போனது. கைபேசி எட்டாத தூரத்தில் இருந்தான். மாலைக்குள் காற்று கிளம்பும் என்றது வானிலை. கடலோரக் காவலுக்கு ஃபோன் செய்தாயிற்று. "ஆபத்து அழைப்பு வந்தா உடனே கிளம்பிடுவோம்மா," என்று தைரியம் சொன்னார்கள்.

"ஒரு செய்தி அனுப்பி எச்சரிச்சா?" என்றார் மேலாளர்.

"அனுப்பினா போய்ச் சேரும் சார்," என்றாள் சிக்கனம். " சேர்ந்தா பஃபரைச் சுருக்கும், சுருக்கினா உறைஞ்சிடலாம்."

பிறகு அவளே சொன்னாள்: "பஃபர் முழுசா நிறையிற மாதிரி எழுதினா? மிச்சமே இல்லன்னா சுருக்கறதுக்கும் ஒண்ணுமில்ல."

"வெறும் இடைவெளியாப் போட்டு நிரப்பிடேன்."

"நடுவுல இருக்கிற செயற்கைக்கோள் கம்பெனிக்காரன் வெட்டிடுவான் சார். ஒரே எழுத்தைப் போட்டா குப்பைன்னு தள்ளிடுவான். நிஜக் கடிதமாத்தான் இருக்கணும்."

"உங்க அண்ணன் நாலு வரிக்கு மேல படிப்பாரா?" என்றாள் அக்கா.

"கல்யாணப் பத்திரிகையே படிக்க மாட்டான்."

"அப்போ முதல் வரியிலேயே சொல்லிடு."

'அண்ணா, இதைப் பார்த்ததும் கருவியை ஒருமுறை அணைத்துவிட்டுப் போடு. பச்சை விளக்கை நம்பாதே. உடனே கரைக்குத் திரும்பு.' அணைத்துப் போட்டால் துண்டான நினைவகம் மறுபடி ஒன்றாகிவிடும். அவ்வளவுதான், விஷயம் முடிந்துவிட்டது. பஃபரில் ஒரு மூலைகூட நிறையவில்லை.

வானிலை மையம் ஒவ்வொரு கருவிக்கும் குட்டிக் குட்டியாய் எச்சரிக்கை அனுப்பும். அதை நிறுத்துவது இவர்கள் கையில் இல்லை. ஏற்கெனவே ஒன்று போய்க் கருவியை உறைய வைத்திருந்தால் இந்தக் கடிதம் செத்த கருவிக்குத்தான். அதை நினைக்காமல் தட்டினாள். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. உன் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரித்தால் கையால் மறைக்கிறாள். அண்ணி அறைக்கு நீலம் அடிக்கலாம் என்கிறாள், நீ வந்து வேண்டாம் என்று சொல். அண்ணியிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்பதை எழுதி, அழித்தாள்.

"அக்கா, இன்னும் இருக்கு. என்ன எழுத?"

"திட்டேன். அண்ணனைத் திட்ட வார்த்தையா பஞ்சம்?"

திட்டினாள். கண் நிறைந்து திரை தெரியாமல் போனபோது அக்கா துப்பட்டாவை நீட்டினாள்.

ஒரு எழுத்து கூடினால் கடிதம் இரண்டாகப் பிரியும். இரண்டாவது துண்டு குட்டியாகிவிடும். அனுப்பியவரைக் காட்டும் முத்திரைக்கான இடத்தை விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒரு சொல்லுக்கு இடம் இருந்தது. 'வந்துடு' என்று போட்டாள்.

மேலாளர் எழுந்து வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவருக்கும் செய்ய வேறொன்றும் இல்லை. அந்தக் கருவி நம்பும் சாவியால் கடிதத்தில் கையெழுத்திட்டாள், முத்திரை விழுந்தது, அனுப்பினாள்.